பெட்ரோல் விளக்கு எரிந்தபின் வண்டி எவ்வளவு தூரம் போகும்? வேலூர்ப் பக்கம் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு

“மீட்டரில் பெட்ரோல் லைட் எரியுது, இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகும்?” புது வண்டி எடுத்தவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி இது. பக்கத்து வீட்டு அண்ணன் 50 என்பார். மெக்கானிக் 30 என்பார். கூடப் படிக்கும் பையன் “அதெல்லாம் ஆம்பூர் வரைக்கும் போகும்” என்பான். யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் வண்டியை வைத்துச் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கும் உங்கள் கைக்கும் நீங்கள் போகும் சாலைக்கும் உரிய எண் வேறு. அதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை டேங்க் நிரப்பும்போது கொஞ்சம் கவனித்தால் போதும், கிடைத்துவிடும்.

காட்பாடிக்குப் படிக்க வந்தவர்கள், மருத்துவமனை வேலைக்கு வந்தவர்கள், ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ சேர்ந்து முதல் வண்டி எடுத்தவர்கள், இவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

டேங்க்கில் எவ்வளவு பிடிக்கும்

முதலில் வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்து டேங்க் கொள்ளளவைப் பாருங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் 100-க்கு 4 லிட்டர், ஆக்டிவா 6ஜி-க்கு 5.3, ஸ்ப்ளெண்டர் பிளஸுக்கு 9.8, இப்போது வரும் கிளாசிக் 350-க்கு 13, பல்சர் 150-க்கு 15. மாடலுக்கு மாடல், வருடத்துக்கு வருடம் இது மாறும். அதனால் நண்பனுடைய வண்டியின் எண்ணை உங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரிசர்வ் என்று கையேட்டில் தனியாக ஓர் அளவு போட்டிருந்தால், அது மொத்தக் கொள்ளளவுக்குள்ளேயே அடங்கியது. 12 லிட்டர் டேங்க், அதில் 2 லிட்டர் ரிசர்வ் என்றால் மொத்தம் 12தான், 14 இல்லை. புதியவர்கள் பலர் ரிசர்வை வேறொரு சின்ன டேங்க் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. அதே டேங்க்கின் அடியில் இருக்கும் பெட்ரோலுக்குத்தான் அந்தப் பெயர்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டேங்க்குக்குக் கீழே ஒரு காக் இருக்கும். அதற்குள் உயரமாக ஒரு குழாய், குட்டையாக ஒரு குழாய். காக் ‘ஆன்’ நிலையில் இருந்தால் உயரமான குழாய் வழியாகத்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் அதற்குக் கீழே போனதும் வண்டி திக்கித் திணறும். காக்கை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்பினால் குட்டைக் குழாய் மிச்சத்தை இறக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள், எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூவல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் காக் இல்லை, டேங்க்குக்குள்ளேயே மின்சார பம்ப் உட்கார்ந்திருக்கிறது. திக்கித் திணறி எச்சரித்த வேலையை இப்போது விளக்கு செய்கிறது.

விளக்கு எதைச் சொல்கிறது

டேங்க்குக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் இறங்க இறங்க அதுவும் இறங்கும். குறிப்பிட்ட மட்டத்துக்கு வந்ததும் விளக்கு எரியும், அல்லது கடைசிக் கோடு மினுங்கும். சில வண்டிகளில் இதற்கென்று சூட்டை உணரும் சிறு துண்டு ஒன்று உண்டு. பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும் வரை அது சூடேறாது. மட்டம் இறங்கி வெளியே தெரிந்ததும் சூடேறி விளக்கைப் போட்டுவிடும்.

இரண்டில் எதுவானாலும், விளக்குக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: மட்டம் இந்த இடத்துக்குக் கீழே வந்துவிட்டது. எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் மேட்டில் ஏறும்போது எரிந்து சமதளத்துக்கு வந்ததும் அணைந்துவிடுகிறது. பெட்ரோல் பின்பக்கம் சாய்ந்தால் ஒரு கணக்கு, நேராக நின்றால் வேறு கணக்கு. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் சாவியைப் போட்டு முள்ளைப் பார்ப்பதும் இதனால்தான் பயன்படாது. வண்டியை நிமிர்த்தி, சில நொடி பொறுத்துப் பாருங்கள்.

ஒருமுறை எரிந்து அணைந்தால் “சும்மா எரிந்தது” என்று விட்டுவிடாதீர்கள். முதல்முறை எரிந்த அந்த இடத்தையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முள்ளும் சீராக இறங்காது. டேங்க் நேரான பெட்டி இல்லை, நடுவே வண்டியின் சட்டம் (ஃபிரேம்) போவதற்காகக் குடைந்து வைத்த உருவம். பாதி வரை மெல்ல இறங்கும் முள், பாதிக்குப் பிறகு விறுவிறுவென்று இறங்குவது பல வண்டிகளில் உண்டு. மீட்டரில் “இன்னும் இத்தனை கி.மீ.” என்று காட்டும் வண்டி வைத்திருப்பவர்களும் அதை அப்படியே நம்ப வேண்டாம். கொஞ்ச நேரம் முன்புவரை நீங்கள் ஓட்டிய மைலேஜை வைத்து அது போடும் கணக்கு அது. வாணியம்பாடி வரை சமதளத்தில் ஓட்டிவிட்டு மலையில் ஏறத் தொடங்கினால் அந்த எண் உடனே பொய்த்துவிடும். யமஹா வண்டிகள் சிலவற்றில் ரிசர்வ் விழுந்ததும் தனியாக ஒரு டிரிப் மீட்டர் (ஓடிய தூரத்தைக் காட்டும் எண்) தானாகவே ஓடத் தொடங்கும். அது ரிசர்வில் நீங்கள் ஓட்டிவிட்ட தூரம். மிச்சமிருக்கும் தூரம் என்று எடுத்துக்கொண்டால் நடுவழியில் நிற்பீர்கள்.

முதல் வேலை: மைலேஜைக் கண்டுபிடிப்பது

டேங்க்கை நிரப்புங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, அது இல்லாத வண்டி என்றால் இறங்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நாசில் தானாக நிற்கும் வரை. “இன்னும் கொஞ்சம் போடுங்க” என்று கழுத்து வரை ஏற்ற வேண்டாம். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த 10 லிட்டர், அக்னி நட்சத்திர வெயிலில் நிற்கும் வண்டியில் 15 டிகிரி சூடேறினால் 150 மில்லி கூடிவிடும். அதற்கு டேங்க்கில் இடம் வேண்டும். வேலூர் வெயிலைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நிரப்பியதும் டிரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆகிவிடும். அப்புறம் வழக்கம்போல ஓட்டுங்கள். பாதி டேங்க்குக்கு மேல் தீர்ந்தபின் அதே பங்க்குக்கு, முடிந்தால் அதே பம்ப்புக்குப் போய், அதே மட்டம் வரை நிரப்புங்கள். பில் கேட்டு வாங்குங்கள். டிரிப்பில் 243 கி.மீ., பில்லில் 5.4 லிட்டர் என்றால் மைலேஜ் 45.

நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் அவ்வப்போது போட்டுக்கொண்டே இருந்தால் இந்தக் கணக்கு எடுக்கவே முடியாது. மாணவர்களுக்குக் கையில் காசு இருக்கும்போதுதான் பெட்ரோல், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் வண்டி வாங்கிய புதிதில் இரண்டு முறையாவது முழுதாக நிரப்பிவிடுங்கள். பின்னால் நூறு ரூபாய்க்குப் போடும்போதும் அது எவ்வளவு தூரத்துக்கு வரும் என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

பங்க்கில் நிற்கும்போது பம்ப் மீட்டரில் சுழியைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தயங்க வேண்டாம். காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற பேச்சை நம்பி அதிகாலையில் ஓடவும் வேண்டாம். நிலத்துக்கடியில் இருக்கும் தொட்டியின் சூடு காலைக்கும் மதியத்துக்கும் அவ்வளவாக மாறுவதில்லை.

இந்த மைலேஜை ஊருக்குள் ஓட்டும்போது ஒருமுறை, நெடுஞ்சாலையில் ஓட்டும்போது ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன் சர்க்கிளிலும் காட்பாடி மேம்பாலத்திலும் முதல் கியரில் ஊர்ந்த வாரமும், சத்துவாச்சாரியிலிருந்து வாலாஜாப்பேட்டைக்கு ஐம்பதில் சீராகப் போன வாரமும் ஒரே எண்ணைத் தராது. அதே நெடுஞ்சாலையில் தொண்ணூறில் போனால் காற்றின் எதிர்ப்பே கணிசமான பெட்ரோலைத் தின்றுவிடும். டயரில் காற்று குறைவாக இருந்தாலும் மைலேஜ் இறங்கும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலிலும், லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் ஐந்து வருடத்துக்கு முன் அண்ணன் அதே வண்டியில் எடுத்த மைலேஜோடு ஒப்பிட்டு மனம் வருந்த வேண்டாம்.

இரண்டாவது வேலை: விளக்கை அளப்பது

இதற்காகப் பெட்ரோல் தீரும்வரை ஓட்டிப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். காய விட்டால் பம்ப் சூடேறும், தேயும். மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். காய விடாமலே அளக்க வழி இருக்கிறது.

டேங்க் நிரப்பி, டிரிப்பைச் சுழியாக்கிக் கிளம்புங்கள். விளக்கு முதல்முறை எரிந்ததும் டிரிப் எண்ணை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 432 என்று வைத்துக்கொள்வோம். ஓட்டிக்கொண்டே செல்போனை எடுக்க வேண்டாம், எண் மனத்தில் நிற்கும். நேராகப் பங்க்குக்குப் போய் மறுபடி அதே மட்டம் வரை நிரப்புங்கள். அப்போது டிரிப் 441, பில்லில் 9.9 லிட்டர்.

டேங்க் 12 லிட்டர், போட்டது 9.9. அப்படியானால் நிரப்பும்போது உள்ளே 2.1 லிட்டர் இருந்திருக்கிறது. விளக்கு எரிந்தபின் 9 கி.மீ. வந்தீர்கள், அதற்கு 0.2 லிட்டர். ஆக, விளக்கு எரியும்போது இருந்தது 2.3 லிட்டர்.

இந்த 2.3 முழுவதும் உங்களுக்கு உதவாது. அடியில் தேங்கும் கொஞ்சத்தைப் பம்ப்பால் உறிஞ்ச முடியாது. அதோடு, நாசில் நிற்கும் மட்டம் கையேட்டில் சொன்ன கொள்ளளவைவிடக் கீழே இருக்கும். அதாவது நீங்கள் ‘ஃபுல்’ என்று நினைத்தது முழு 12 இல்லை. இரண்டுக்கும் சேர்த்து அரை லிட்டர் கழித்துவிடுங்கள். மிச்சம் 1.8.

இதை எந்த மைலேஜால் பெருக்குவது? உங்களிடம் இருப்பதிலேயே மோசமானதால். ஊருக்குள் நெரிசலில் 35தான் கிடைத்தது என்றால் 1.8 பெருக்கல் 35, 63 கி.மீ. காகிதத்தில் 63 என்றால் நான் 40-க்கு மேல் நம்பமாட்டேன். பின்னால் ஆள் ஏறலாம், எதிர்காற்று அடிக்கலாம், மேடு வரலாம். இந்த 40 என்ற எண் ஸ்கூட்டருக்கு இன்னும் சின்னதாக இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவோ, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான இன்னொரு எண் இதே கணக்கிலிருந்து கிடைக்கும். விளக்கு எரிவதற்கு முன் செலவானது 9.7 லிட்டர். அதை அதே 35-ஆல் பெருக்கினால் 340 வருகிறது. டேங்க் நிரப்பிய பிறகு டிரிப் மீட்டர் 340-ஐத் தொட்டதும் பங்க் தேடத் தொடங்குங்கள், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும். மிதவை சிக்கிக்கொள்ளலாம், விளக்கின் ஒயர் விட்டுப்போகலாம். ஆனால் ஓட்டிய தூரம் மாறாது. புதியவர்கள் டிரிப் மீட்டரைப் பார்த்து ஓட்டப் பழகிவிட்டால், விளக்கைப் பார்த்துப் பதறவேண்டிய நாளே அநேகமாக வராது.

நம் சாலைகளில்

ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மாவட்டங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டாலும், வண்டி ஓட்டுகிறவருக்குப் பழைய வட ஆற்காடு ஒரே வட்டாரம்தான். ஒரு நாளில் மூன்று மாவட்டம் போய் வந்துவிடுவோம். பெட்ரோல் விஷயத்தில் மட்டும் ஒவ்வொரு சாலைக்கும் ஒரு குணம் உண்டு.

சென்னை–பெங்களூரு 48-ஆம் எண் நெடுஞ்சாலையில் பங்க்குகளுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறு: நடுவே தடுப்பு. எதிர்ப்பக்கம் பங்க் கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேர அடுத்த பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். சில கிலோமீட்டர் அதிலேயே போய்விடும். அவசரத்தில் எதிர்த்திசையில் ஓரமாக ஓட்டிப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நாற்பது ரூபாய் பெட்ரோலுக்காக லாரிக்கு எதிரே போகாதீர்கள். விளக்கு எரிந்ததும் உங்கள் பக்கத்தில் வரும் முதல் பங்க்கிலேயே நுழைந்துவிடுங்கள். வேறு கம்பெனி பங்க்காக இருந்தால் என்ன, இரண்டு லிட்டர் போட்டுக்கொண்டு போகலாம்.

காட்பாடியிலிருந்து சித்தூர்ப் பக்கம் போகிறவர்கள் கிறிஸ்டியான்பேட்டை தாண்டுவதற்கு முன்பே நிரப்பிக்கொள்வது நல்லது. ஆந்திராவில் வரி கூடுதல் என்பதால் சில வருடங்களாகவே அங்கே லிட்டருக்குப் பல ரூபாய் அதிகம்.

ஏலகிரிக்கு வாணியம்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ போட்டுக்கொண்டு ஏறுங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பாரி, ஓரி என்று வளைவுக்கு வளைவு பெயர்ப்பலகை பார்த்துக்கொண்டே ஏறுவது எனக்கு மிகவும் பிடித்த பயணம். ஆனால் பின்னால் ஆளோடு இரண்டாவது கியரில் இழுக்கும்போது மைலேஜ் பாதிக்குப் பாதி குறைந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு, அல்லது நியூட்ரலில், உருட்டிக்கொண்டு வருவார்கள். அது ஆபத்து. பிரேக் சூடாகிப் பிடிமானம் போய்விடும். மிச்சமும் ஆகாது: இன்ஜெக்ஷன் வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டு இறங்கினால், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை வண்டியே நிறுத்திவிடும்.

ஜவ்வாது மலைக்குத்தான் உண்மையிலேயே திட்டம் வேண்டும். வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாகப் போளூர் 50 கி.மீ. அளவு. அங்கிருந்து ஜமுனாமரத்தூர் நாற்பது கி.மீ. பக்கம், முக்கால்வாசி காடும் மேடும். அங்கிருந்து காவலூர் வானாய்வகம் பார்த்துவிட்டு ஆலங்காயம் வழியாக இறங்குகிறவர்களும் உண்டு. இந்த வழியில் போகிறவர்கள் போளூரிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். ஆலங்காயம் பக்கமிருந்து ஏறுகிறவர்கள் அங்கேயே. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. சின்ன ஊர்ப் பங்க்குகளை இரவில் மூடிவிடுவார்கள். எக்ஸ்எல்லிலோ ஸ்கூட்டரிலோ போகிறவர்கள் முழு டேங்க்கோடு ஏறினாலும், ஏறி இறங்கும் மொத்தத் தூரத்தை மோசமான மைலேஜால் வகுத்துப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

நின்றே போனால்

வண்டி திணறும்போதே இன்டிகேட்டர் போட்டு ஓரத்துக்கு வந்துவிடுங்கள். நெடுஞ்சாலை என்றால் தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறக்கி நிறுத்துங்கள்.

காக் இருக்கும் வண்டி என்றால் ‘ரிசர்வ்’ பக்கம் திருப்புங்கள், சில நொடியில் கிளம்பும். காக் இல்லாத வண்டியில் டேங்க்கின் ஒரு பக்கம் தேங்கிய பெட்ரோல் மறுபக்கம் வராமல் நிற்கலாம். சட்டத்துக்காகக் குடைந்த மேடு நடுவே இருப்பதால் வருவது இது. வண்டியை இருபுறமும் நன்றாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். சில சமயம் அதிலேயே ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைக்கும். இதுவும் ஒருமுறைதான் கை கொடுக்கும்.

இன்னொரு வண்டிக்காரர் காலால் தள்ளிக்கொண்டு வருவது நம் ஊரில் வழக்கம். தெருவுக்குள் சரி, பைபாஸில் வேண்டவே வேண்டாம். பாட்டிலில் பெட்ரோல் பல பங்க்குகளில் தரமாட்டார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோலைத் தூக்கிக்கொண்டு போவது ஆபத்து என்பதால்தான் அந்தக் கண்டிப்பு. நண்பர் ஒருவரை வண்டியோடு வரச் சொல்லுங்கள். அல்லது சாலையோர மெக்கானிக் கடையில் கேளுங்கள், பெரும்பாலும் ஏதாவது வழி செய்வார்கள். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033 என்ற உதவி எண் இருக்கிறது.

பெட்ரோல் வந்ததும் அரை லிட்டரோடு நிறுத்தாமல் ஒரு லிட்டராவது ஊற்றுங்கள். வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியில் உடனே செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் இறங்கும். சாவியைப் போடுங்கள், பம்ப் ‘ஊய்ங்’ என்று இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும். சாவியை அணைத்து மறுபடி போடுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தால் குழாயில் பெட்ரோல் நிறைந்துவிடும், பிறகு செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொள்ளும்.

காக் இருக்கும் வண்டிக்காரர்கள், பங்க்கில் நிரப்பி முடித்த கையோடு காக்கை ‘ரிசர்வி’லிருந்து ‘ஆன்’ பக்கம் திருப்பிவிடுங்கள். மறந்தால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் அடி வரை தீர்ந்துவிடும். இரண்டு வகை வண்டிக்காரர்களும் நிரப்பியதும் டிரிப் மீட்டரைச் சுழியாக்கிவிட்டுக் கிளம்புங்கள்.